மூன்று மூலை மஞ்சள்

நெடுங்கந்தைத் தோட்டத்தின் மேற்பிரிவில் பத்துக் காம்பராக்கள், அதாவது சிறு வீடுகள், வரிசையாகக் கட்டிய லயம் ஒன்று உண்டு. அதில் ஒன்பது காம்பராக்களுக்குப் பூட்டு விழுந்துவிட்டது. பத்தாவது காம்பராவின் முன் வராந்தாவான இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பொன்னையா கங்காணி மலையை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். அவர் வேலையில் இருந்த காலத்து ஆட்களைப் போலவே மலையும் அவர் சொன்னதைக் கேட்பதாக இல்லை. லயத்துக்குப் பின்னால் வெடித்திருந்தது.

முதலில் அது அவர் மனைவி பாக்கியலெட்சுமியின் குதிகால் வெடிப்பு அளவுக்குத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் கை நுழைகிற அளவுக்கு விரிந்தது. போன வாரம் அவள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி அதற்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அந்தக் கேட்காத சத்தம்தான் அவள் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதுளையிலிருந்து மண் பார்க்கிற அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்புக்குள் நாடா விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டுவிட்டு, ஆட்களை இறக்கச் சொல்லிப் போனார்கள். மீரியபெத்தவில் ஒரு காலைப்பொழுதில் மலை இறங்கி லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்றைக்கே சனம் சட்டி பானையோடு கீழே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டது. மருமகள் சுபாஜினியும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பொன்னையா மட்டும் கிராம சேவகரை, ஜீ.எஸ். என்று எல்லாரும் கூப்பிடும் பையனை, இஸ்தோப்பில் நிறுத்திப் பாடம் நடத்தினார்.

"இது வெள்ளக்காரன் வச்ச கல்லு மாத்தியா. மலை வேணும்னா சரியும். லயம் நிக்கும்."

அந்தச் சிங்களப் பையன் தெரிந்த தமிழில் கேட்டான்: "லயம் நிக்கும் ஐயா. நீங்க எங்க நிக்கும்?"

கீழ்நிலை உத்தியோகத்தர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பது கங்காணியின் கொள்கை. தனக்கு மேல்நிலையில் இருந்தவர்களிடம் அவர் கேள்வி கேட்டதில்லை என்பதும் உண்மை.

அவர் ஓய்வு பெற்று வருஷக்கணக்கு ஆகிறது. பதவிதான் ஓய்வு பெற்றது. தோரணை இன்னமும் காலையில் எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கைகளைப் பின்னால் கட்டி, லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பார். முன்பு ஆட்கள் எழுந்து நிற்பார்கள். இப்போது பூட்டுகள் தொங்கின. பூட்டுகளும் ஒரு மாதிரி மரியாதையாகத்தான் தொங்குகின்றன என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கக் கூடும்.

பாக்கியலெட்சுமிக்கு அந்த நாட்கள் வேறு மாதிரிப் போயின. மண் அசைந்ததில் பீலித் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. ஓடைக்கு இறங்கிக் குடத்தில் தூக்கினாள். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தாள். ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து அவருக்குக் கொடுத்தாள். படுக்கும்போது செருப்பைக் கழற்றுவதில்லை. அடையாள அட்டைகளையும் அவருடைய பிரஷர் மாத்திரையையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தாள். அவர் போகாததால் அவள் போகவில்லை. அவள் போகாததால் பதுளையில் மகன் தூங்கவில்லை.

"கடுதாசி வரும்ல" என்றார் பொன்னையா, ஒவ்வொரு தடவை அவள் வாயைத் திறந்தபோதும். "தீவாளி வாரத்துல அண்ணன் கடுதாசி வரும். இந்த வெலாசத்துக்கு வரும். ஆளில்லாத காம்பராவுக்கு வந்து திரும்பிப் போனா அண்ணன் என்னா நெனைக்கும்?"

அண்ணன் என்பது அங்கமுத்து. இரண்டு நாடுகளும் பேசி ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலத்தில் இந்தியாவின் பங்கில் விழுந்தவர். தலைமன்னார் கோச்சி ரயிலில் ஏறி, கப்பலில் போய், கடைசியில் கோத்தகிரியில் இறங்கினார். ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இன்னொரு தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் ஆளை மாற்ற இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கோச்சி நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடிய தம்பியிடம் அவர் கத்திச் சொன்னது ஒன்றுதான்: "வருசத்துக்கு ஒரு கடுதாசிடா! தீவாளிக்கு! மறந்துறாத!"

அன்றிலிருந்து கடல் மேல் இரண்டு கடிதங்கள் எதிரெதிராகப் போய்க்கொண்டிருக்கின்றன. தீபாவளிக் காலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, புதுத்துணி கட்டி, செத்தவர்களுக்குப் படைத்த பிறகு, அங்கே தம்பி கடிதமும் இங்கே அண்ணன் கடிதமும் சத்தமாக வாசிக்கப்படும். வாசித்து முடியும்வரை யாரும் ஒரு முறுக்கைக்கூட உடைக்கக் கூடாது. பிள்ளைகள் இட்லியைப் பார்த்துக்கொண்டே பெரியப்பாவின் மூட்டுவலியைக் கேட்டு வளர்ந்தார்கள்.

போன் வந்த பிறகும் இது மாறவில்லை. ஒரு தடவை மகன்கள் ஏற்பாடு செய்து அண்ணன் தம்பியைப் பேசவிட்டார்கள். "சாப்டியா?" "சாப்டேன். நீ?" என்று கேட்டுவிட்டு இரண்டு பக்கமும் அழுது தீர்த்தார்கள். அத்தோடு பொன்னையா போனைத் தள்ளுபடி செய்தார். "கடுதாசில அழ முடியாது. எழுத்து கலஞ்சிரும். அதான் அதுக்கு மரியாதி" என்றார்.

அழத்தான் முடியாது, அளக்கலாம். கோயிலுக்கு ஒரு பல்ப் வாங்கிக் கொடுத்த வருஷம் 'ஆலயத்துக்கு ஒளியூட்டினேன்' என்று எழுதினார். கக்கூசுக்குக் கதவு போட்ட வருஷம் 'இல்லத்தை விஸ்தரித்தேன்' என்று எழுதினார். பதுளைத் துணிக்கடையில் துணி மடிக்கிற மகன் விஜேந்திரன் கடிதத்தில் 'வர்த்தகத் துறையில்' இருந்தான். எழுதியதை ஒட்டுமுன் லயத்து ஆட்களைக் கூட்டி வாசித்துக் காட்டுவார். பக்கத்துக் காம்பரா ராசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பாள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'இவ்விடம் நானும் வீட்டிலும் பிள்ளைகளும் பரிபூரண சுகம்.' அதில் 'வீட்டில்' என்பது பாக்கியலெட்சுமி.

'வீட்டில்' செய்ய வேண்டிய வேலை, கடிதத்தின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுவது.

இந்த வருஷம் புரட்டாசி மழைக்கே கூரைத் தகரம் ஒழுகியது. பொன்னையா லயத்துக்கு வாசித்துக் காட்டிய நேரத்தில் வான்கடிதம் நமத்துப்போனது. மஞ்சள் விற்கிற விலையில் டப்பாவில் சுரண்டியது மூன்று மூலைக்குத்தான் போதுமாக இருந்தது. நாலாவது மூலைக்கு ராசம்மாவிடம் கிள்ளி வாங்கிக்கொள்ளலாம் என்று பாக்கியலெட்சுமி கடிதத்தை அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடும் பரணில் வைத்தாள். அன்று பீலிக்கும் அடுப்புக்கும் அலைந்ததில் மறந்தும் போனாள். மறுநாள் சுபாஜினி அதை எடுத்து, வழக்கமாக விஜேந்திரன் எழுதும் இங்கிலீசு விலாசத்தைத் தானே எழுதி, அப்புத்தளைக்குப் போனவர்கள் கையில் தபாலுக்குக் கொடுத்துவிட்டாள். பரணில் புகைக்கரி எண்ணெய்போலக் கசிகிற மூலை ஒன்று உண்டு. கடிதம் அங்கேதான் இருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடையில் லீவு கேட்பவனுக்குக் கிறுக்கு என்றுதான் பதுளையில் சொல்வார்கள். விஜேந்திரன் கேட்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். நாலைந்து நாளாகப் பதுளையிலும் மின்சாரம் இல்லை, போன் டவரும் செத்துக் கிடந்தது. நேற்றுத்தான் உயிர் வந்தது. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மழையில் முழுக்க நனைந்து லயத்து வாசலில் நின்று, அப்பாவையே பார்த்தான்.

பொன்னையா தீபாவளிக்கு முன்கூட்டியே முகச்சவரம் செய்து, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நல்லாதானே இருக்கீங்க?"

"எனக்கென்னா கேடு?"

"கோத்தகிரியில நீங்க செத்துப்போயிட்டீங்க."

உள்ளே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த பாக்கியலெட்சுமி எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். விஜேந்திரன் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்து, படம் ஒன்றை விரித்து அப்பா கையில் கொடுத்தான். கோத்தகிரித் தெருமுனை ஒன்றில், ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டிய பிளெக்ஸ். நடுவில் பொன்னையா, இரவல் கோட்டோடு. ஒரு தீபாவளிக்கு இவரே அனுப்பிய படம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் சத்தமாகவே வாசித்தார்.

"கண்ணீர் அஞ்சலி. இலங்கை மலையகத்தின் மாணிக்கம்... தோட்ட மக்களின் தூண்... ஆலயத்துக்கு ஒளியூட்டிய வள்ளல்... முன்னாள் தலைமைக் கண்காணிப்பாளர் உயர்திரு பொன்னையா அவர்கள், இயற்கையின் சீற்றத்தால்..."

அங்கே நின்று, மறுபடி மேலே போனார். "தூண். நல்லாருக்கே. யாரு எழுதுனது, நம்ம ஞானசேகரா? அண்ணன் மகன்னா சும்மாவா, படிச்ச பய."

"அப்பா!"

"வயசு எம்பத்தி நாலுன்னு போட்டுருக்கான். எனக்கு எழுவத்தி நாலுதானே. பத்து வருசத்த அவன் இஷ்டத்துக்குக் கூட்டியிருக்கான் பாரு."

"அப்பா, அங்க மூனாம் நாளே கருமாதிய முடிச்சிட்டாங்க. சேகரு மொட்ட போட்டுருக்கான். ஒங்களுக்காக."

பொன்னையா தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞானசேகர் போனில் சொன்னதை விஜேந்திரன் சொன்னான். போன வாரம் தபால்காரர் கடிதத்தைப் பெரியம்மா கையில் கொடுத்திருக்கிறார். விலாசத்தில் பழகாத கையெழுத்து. ஒரு மூலை கறுப்பு. மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல செய்தி, கறுப்பு இருந்தால் சாவுச் செய்தி என்பது எழுத்துத் தெரியாத வீட்டுக்கும் தெரியும். கறுப்பு தடவிய கடிதத்தை வாசலுக்கு உள்ளே எடுப்பதில்லை. பிரித்து வாசிப்பதும் இல்லை. அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். பெரியம்மா கிழித்துப்போட்டு, தெருவே கூட அலறியிருக்கிறாள். முந்தின நாள்தான் டிவியில் ஊவாப் பக்கம் மலை சரிந்த படம் காட்டியிருக்கிறார்கள். இங்கே போட்டால் போன் போகவில்லை. வேறென்ன வேண்டும்? அங்கமுத்து தம்பிக்குச் சோறு படைத்துவிட்டார்.

"மத்த மூனு மூலையில மஞ்ச இருந்துச்சேடா" என்றாள் பாக்கியலெட்சுமி.

மஞ்சள் டப்பாவைச் சுரண்டிப் பார்த்த ஒரு பெண்ணின் முகமாவது அவள் பக்கம் திரும்பியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திரும்பியது இரண்டும் ஆண் முகம்.

"அப்ப நாலாவது மூலை?" என்றார் பொன்னையா.

"மஞ்ச பத்தல. பரண்ல வச்சேன். கரி பட்டுருக்கும்."

"கொன்னுட்டியேடி! உக்காந்த எடத்துல உக்காத்தி வச்சே என்னையக் கொன்னுட்டியே!"

"நா எங்க கொன்னேன்? வாசிக்காம கிழிச்சது ஒங்க அண்ணன் வீடு. ரெண்டு வரி வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். செத்தவன் வீட்டுல எவனாச்சும் அப்புடி அளந்து எழுதுவானா?"

விஜேந்திரன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"கீழ என்னா போட்டுருக்கு, படிடா" என்றாள் அவள். "வருந்தும் ஆளுக பேரு போடுவாங்கள்ல."

அவன் படித்தான். அண்ணன் அங்கமுத்து, அண்ணன் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக, கோத்தகிரி வேன் ஓட்டுநர் சங்கம், அங்கமுத்து தேத்தண்ணி குடிக்கும் கடையின் உரிமையாளர். வர்த்தகத் துறை விஜேந்திரனும் இருந்தான். கடைசியில் 'மற்றும் குடும்பத்தார்.'

"எம்பேரு?"

அவன் போனை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான். "அவனுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. அவன் அங்க பொறந்தவன். அப்பா கடுதாசியப் பாத்துத்தான் எல்லாம் எழுதியிருக்கான்."

இத்தனை வருஷக் கடிதத்தில் 'வீட்டில்' என்றுதான் இருந்தது. பிளெக்ஸ் அடிக்கிறவன் ஒரு வீட்டுக்குப் பெயர் வைக்க முடியாது. பின்னால் எங்கேயோ மலையிலிருந்து ஒரு கல் பெயர்ந்து, புதருக்குள் உருண்டு, எதிலோ தட்டி நின்றது. மூன்று பேரும் அது நிற்கும்வரை மூச்சு விடவில்லை.

அவள் உள்ளே போனாள். முறுக்கை வாளியில் கொட்டி மூடினாள். அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். சேலைகளையும் போர்வையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்க போற?"

"பள்ளிக்கொடத்துக்கு."

"கடுதாசி வரணுமேடி!"

"வராது."

"என்னா வராது? இத்தன வருசத்துல ஒரு தீவாளி தப்புனதில்ல."

"கருமாதி செஞ்ச வீட்டுக்கு ஒரு வருசத்துக்குப் பண்டிகை ஏது? எண்ண வைக்க மாட்டாங்க, துணி எடுக்க மாட்டாங்க. அந்த வீட்டுலேருந்து தீவாளிக் கடுதாசி வருமா? யாருக்கு எழுதுவாங்க, செத்த ஒங்களுக்கா?"

வெள்ளைக்காரன் கல், அண்ணன் கடிதம் என்று இரண்டு காரணத்தின் மேல்தான் பொன்னையா இத்தனை நாள் நாற்காலி போட்டிருந்தார். முதல் காரணம் பின்பக்கம் வெடித்துக் கிடந்தது. இரண்டாவது இப்போது கையைவிட்டுப் போனது.

"அங்க போயி..." என்றார். குரல் இறங்கியிருந்தது. "பார்சல் சோத்துக்கு வரிசையில நிக்கச் சொல்றியா என்னைய? அம்புட்டுப் பயலும் எங்கிட்ட வேல செஞ்சவன். காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப எம்முன்னுக்குக் கை கட்டி நின்னவன். அவனுக்குப் பின்னால நா தட்டத்த ஏந்திக்கிட்டு..."

"தட்டம் தரமாட்டாங்கப்பா. பார்சல்தான்" என்றான் விஜேந்திரன்.

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. மூட்டையை இறக்கி வைத்தாள். "இந்தாங்க, நா வரிசையில நிக்காத நாளு எது, சொல்லுங்க. பெரட்டுக்கு வரிச. கொழுந்து நிறுக்க வரிச. மாவுக்கு வரிச, மருந்துக்கு வரிச. நிறுக்கிற எடத்துல பொண்டாட்டிக்கு எடம் குடுக்கலேன்னு தொரைக்குக் காட்ட, எல்லாரையும் விட எனக்குத்தான் நிறையில கூடக் கழிச்சீங்க. ஈரக் கொழுந்துன்னீங்க. வெயிலு மண்டயப் பொளந்த அன்னைக்கும் ஈரம்னீங்க. நா ஒரு வார்த்த கேட்டனா? ராசம்மா கேட்டா, ஏண்டி ஒம்புருசன் ஒன்னையே கொள்ளையடிக்கிறான்னு. வரிசையில நின்னு நா ஒன்னும் தேஞ்சுபோகல."

"அது வேல. அதுல ஒழுங்கு..."

"இதுவும் ஒழுங்குதான். பசிச்சவன் நிக்கிற ஒழுங்கு." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "அந்தப் பெரிய படத்துல எம்பேரு இல்ல. அப்ப நா உசுரோட இருக்கேன்னுதானே அர்த்தம். நா போறேன். ஒங்களுக்குப் படையலெல்லாம் போட்டாச்சி, நீங்க இங்கயே இருக்கலாம்."

ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் படிகளில் இறங்கினாள். கால் வழுக்கிற படி. மழை மூடிக்கொண்டு வந்தது. திரும்பாமல் இறங்குவது சுலபமில்லை என்பது அவள் கழுத்துக்குத்தான் தெரியும். அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. இறங்கிக்கொண்டே யோசித்தாள்: பள்ளிக்கூடத்தில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி ஏற வேண்டியதுதான். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேலே மகன் குரல் கேட்டது. "கோயில் முடக்குல டவர் அடிக்கும்பா. பெரியப்பாகூடப் பேசிட்டுத் திரும்பிறலாம். உசுரோட இருக்கேன்னு ஒங்க வாயால சொல்ல வேணாமா?"

"முடக்கு வரைக்கும்தான்" என்றார் பொன்னையா. "இந்தத் தப்புச் செய்திக்கு ஒரு மறுப்புக் குடுக்கணும்."

பாதை வளைகிற கோயில் முடக்கில், மாரியம்மன் கோயில் கூரை ஓரத்தில் மூவரும் ஒதுங்கினார்கள். விஜேந்திரன் போனை நீட்டினான். திரையில் முதலில் வந்தது மழித்த தலை ஒன்று.

"சித்தப்பா! ஐயோ சித்தப்பா, நெசமாவே நீங்கதானா? இந்தா பாருங்க, மொட்ட!"

"நல்லாருக்குப்பா" என்றார் பொன்னையா.

தலை விலகியது. பின்னால் கட்டிலில் அங்கமுத்து உட்கார்ந்திருந்தார். பாக்கியலெட்சுமி எட்டிப் பார்த்தாள். கோச்சி ஜன்னலில் பார்த்த ஆளின் மூக்கு மட்டும்தான் அந்த முகத்தில் பாக்கி இருந்தது. அவர் அழவில்லை. தம்பியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார், சரக்கு சரிதானா என்று பார்க்கிற மாதிரி.

"சாப்டியாடா?" என்றார் கடைசியில்.

"சாப்டேண்ணே. நீ?"

"என்னாத்த சாப்புடுறது, நீ செத்த வீட்டுல." இருமினார். "டேய் பொன்னையா. கேளு. இருந்த கண்ணீர் அம்புட்டையும் ஒனக்கு அழுது தீத்துட்டேன். ஆத்தா செத்தப்பக்கூட அம்புட்டு அழுகல. இனி நெசமாவே செத்தீன்னா எனக்கு அழுக வராது. இப்பவே சொல்லிப்புட்டேன்."

"சரிண்ணே."

"எங்க நிக்கிற? பின்னால என்னா அது, செவப்பா?"

பொன்னையா திரும்பிப் பார்த்தார். மேலே, மழைக்கு இடையில், லயத்துக்குப் பின்னால் மலை தோல் உரிந்து சிவந்து கிடந்தது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தவரைக்கும் அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இந்த முடக்கிலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரிந்தது. லயம் அதற்குக் கீழே, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"நம்ம லயத்து மலைண்ணே."

"அதுக்குக் கீழயா இன்னும் இருக்க?"

பரிபூரண சுகம் என்று எழுதிப் பழகிய கைக்கு அங்கே வேலை இல்லை. அங்கமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லண்ணே" என்று பொன்னையா சொல்வதற்கும் திரை உறைவதற்கும் சரியாக இருந்தது. அண்ணனுக்கு அது கேட்டதோ இல்லையோ. டவர் போய்விட்டது. விஜேந்திரன் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் சுற்றினான்.

பாக்கியலெட்சுமி மூட்டையைத் தூக்கினாள். மேலே போகிற பாதையும் கீழே போகிற பாதையும் பிரிகிற இடம் அது. கீழே நடந்தாள். கொஞ்சம் பொறுத்து, பின்னால் மகன் காலடியோடு இன்னொரு காலடியும் கேட்டது. இழுத்து இழுத்து வைக்கிற, தோரணையான காலடி.

"ஜீ.எஸ். கிட்ட ஒரு வார்த்த பேசணும்" என்று அந்தக் காலடிக்காரர் மழையிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "நா செத்துட்டேன்னு அவரும் எங்கயாச்சும் எழுதி வச்சிட்டாருன்னா வம்பு."

பள்ளிக்கூடத்தில் அப்புத்தளைப் பள்ளிவாசல்காரர்கள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்திருந்தார்கள். ஹபீஸ் என்கிற கடைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வரிசை வராந்தாவைத் தாண்டி மழைக்குள் நின்றது. பாக்கியலெட்சுமி மூட்டையை வைக்க வகுப்பறைக்குள் போனபோது, பேரப்பிள்ளைகள் இரண்டும் அவள் கால்களைக் கட்டிக்கொண்டன. சுபாஜினி அத்தையின் மூட்டையை வாங்கி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயை விரித்தாள்.

வெளியே ராசம்மாவின் குரல் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டது. பிளெக்ஸ் படம் அவள் மகன் போனுக்கும் வந்துவிட்டிருந்தது.

"அடி ஆத்தி! தூணு நடந்து வருதுடி! ஐயா, செத்தவுகளுக்குப் பார்சல் உண்டான்னு அந்தப் பள்ளிவாசல் நானாகிட்டக் கேட்டுச் சொல்லவா?"

வரிசை சிரித்தது. பல நாளாகச் சிரிக்காத வரிசை. பொன்னையாவும் சிரிக்க முயன்றார். முகத்துக்குப் பழக்கமில்லாத வேலை, பாதியில் நின்றது. முன்னால் நின்ற ஓர் ஆள், முன்பு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவன், விலகி இடம் விட்டான். "கங்காணி ஐயா, முன்னுக்கு வாங்க. வயசான ஆளு."

பாக்கியலெட்சுமி ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். பிறகு எல்லாருடைய தலைக்கும் மேலே மலை இருந்த பக்கம் பார்த்தார். எடுத்த காலைத் திருப்பி வைத்தார்.

"இல்ல. இங்கயே நிக்கிறேன்" என்றார்.

அவர் முறை வந்தபோது ஹபீஸ் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தன பேரு?"

"ரெண்டு."

இரண்டு பார்சல் கைக்கு வந்தது. பொன்னையா நகராமல் நின்றார். இன்னும் ஏதோ ஒன்று வரவேண்டும்போல, ஒரு வார்த்தை, ஒரு சலாம். பின்னால் நின்ற பெண் முழங்கையால் மெதுவாக இடித்தாள். "நகருங்க மாமா. மழை."

நகர்ந்தார்.

பாயில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பருப்பு, கத்தரிக்காய், பொரித்த கருவாடு ஒரு துண்டு. பாக்கியலெட்சுமி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். பார்சலைப் பிரித்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். தனக்கு இவ்வளவு பசி இருந்தது அவளுக்கே தெரியாது. பொன்னையா பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை மூடியிருந்தது.

"சரியும்ங்கிறியா?" என்றார், அவளைப் பார்க்காமல்.

"தெரியாது."

"சரியலேன்னா? நாளைக்கு விடிஞ்சி பாத்தா அப்புடியே நிக்கும். இம்புட்டுப் பேரு முன்னால நா..."

"சரிஞ்சா நீங்க சொன்னது பொய்யி. சரியலேன்னா நா சொன்னது பொய்யி." கருவாட்டை முள் எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். "நா பொய்க்காரியாவே இருந்துட்டுப் போறேன். சாப்புடுங்க, ஆறுது."